அணையாடையும் சந்தையும்: மாதவிடாய்ப் பொருள்களின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பண்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் தேயிலை, சீனி, பருத்தி, இறப்பர் ஆகியன பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். ஒரு பண்டம் எங்கு விளைந்தது, எவருடைய உழைப்பால் உருவாயிற்று, எந்தப் போர் அதற்குச் சந்தையைத் திறந்தது, இலாபம் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் பொருளியல் வரலாற்று மாணவர் யாவர்க்கும் பழக்கமானவை. ஆனால், மனித குலத்தின் பாதிப்பேர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகள் மாதந்தோறும் வேண்டிநிற்கும் ஒரு பொருளைப் பற்றி இவ்வினாக்களை எழுப்பும் வழக்கம் அண்மைக் காலம்வரை அருகியே காணப்பட்டது. மாதவிடாய் என்றதும் அதனை மருத்துவத்துக்கோ, மானிடவியலாரின் 'தீட்டு' பற்றிய ஆய்வுக்கோ ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வதே வரலாற்றாசிரியர் வழக்கமாயிருந்தது. தீட்டு பற்றிய நம்பிக்கைகள் ஆராயப்பட வேண்டியவையே. எனினும், தொழிற்சாலையில் உற்பத்தியாகி, விலையிடப்பட்டு, விளம்பரம் செய்யப்பட்டு விற்கப்படும் அணையாடை ஒரு பண்டம். பண்டம் என்றவகையில் அதற்கு மூலப்பொருளும் உண்டு, சந்தையும் உண்டு, அச்சந்தைக்குரிய கருத்தியலும் உண்டு. இக்கருத்தியலே எமது கவனத்துக்குரியது.

இவ்வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவை முதன்மையாகக் கொண்டு இங்கு நோக்குகின்றோம். தொழிற்சாலை அணையாடை முதன்முதலிற் பெருந்தொகை நுகர்வுப் பண்டமாக வேரூன்றியது அங்கேதான். அதன் விளைவுகள் மிகக் கொடூரமாக வெளிப்பட்டதும் அங்கேதான்.

முதலில் ஒரு தடையை அகற்றிவிடுதல் நன்று. பழைய எகிப்தியப் பெண்கள் பப்பிரசுப் புல்லினாலும், கிரேக்கப் பெண்கள் மரத்துண்டிற் பஞ்சைச் சுற்றியும் உள்ளணிகளைச் செய்துகொண்டனர் என்னும் கூற்று சனரஞ்சக நூல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றது. இதற்கு ஆதாரம் இல்லை. கிரேக்க மருத்துவ நூற்றொகுதியிற் கூறப்படுவன, பெண்குறியினுள் மருந்தை ஏற்றுதற்குரிய சிகிச்சை முறைகளாகும். அவற்றுக்கும் மாதாந்த உதிரத்தை ஏந்துவதற்கும் தொடர்பில்லை. இத்தகைய 'பழமை' கற்பிக்கப்படுவதன் நோக்கத்தை ஊகிப்பது கடினமன்று. நேற்றுப் பிறந்த ஒரு வாணிபப் பொருளுக்கு ஐயாயிரம் ஆண்டுப் பரம்பரை கிடைத்துவிடுகின்றதல்லவா? வணிகர்கள் நல்ல வரலாற்றாசிரியர்கள் அல்லர்.

நாமறிந்த உண்மை எளியது. பெரும்பாலான பெண்கள் பழந்துணியையே பயன்படுத்தினர். அதனைக் கிழித்து மடித்துத் தைத்து, பயன்படுத்தியபின் ஊறவைத்துக் கழுவி, பிறர் கண்ணிற் படாதவாறு உலர்த்தி, மீண்டும் எடுத்துவைத்தனர். இது ஒரு வேலை; ஊதியமற்ற வீட்டுழைப்பின் ஒரு கூறு. வேலைக்காரி வைத்திருந்த குடும்பங்களில் இவ்வேலை அவளின் தலையில் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் பத்து, பன்னிரண்டு மணிநேரம் நின்றோ இருந்தோ வேலைசெய்யப் பெண்கள் வந்து சேர்ந்தபோது, மாற்றுதற்கும் கழுவுதற்கும் இடமோ நேரமோ இல்லாத ஒரு புதிய நிலைமை தோன்றிற்று. அணையாடையின் தேவையைக் கம்பனிகள் கற்பித்தன என்று கூறும் தீவிரவாத நண்பர்களோடு நாம் உடன்படாமைக்கு இதுவே காரணம். தேவை உண்மையானது, உழைக்கும் பெண்ணின் நாளிலிருந்து பிறந்தது. அத்தேவைக்கு எவ்வாறு விடையளிக்கப்பட்டது என்பதே வேறு விடயம்.

அக்காலத்து மருத்துவ உலகம் இத்தேவையை எவ்வாறு நோக்கியது? ஹார்வாட் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியராயிருந்த எட்வேர்ட் கிளார்க் 1873 இல் வெளியிட்ட நூலில், உயர்கல்வி பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளுக்குரிய சக்தியை மூளைக்குத் திருப்பிவிடும் என்றும், மாதவிடாய்க் காலத்திற் பெண் கல்வியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். ஆலைகளில் நின்று வேலைசெய்த பெண்களின் ஓய்வு பற்றி இவ்வாறானதொரு கவலை எழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கல்லூரிக் கதவைத் தட்டிய பெண்ணின் கருப்பையே திடீரென நலிவுற்றதாயிற்று. இதற்கு விடையிறுத்தவர் மேரி புட்னம் ஜேக்கபி என்னும் பெண் மருத்துவர். அவர் பெண்களுக்கு வினாக்கொத்துகளை அனுப்பி 268 பேரின் விடைகளைத் திரட்டினார். நாடித்துடிப்பு, தசைவலிமை ஆகியவற்றையும் மாதம் முழுவதும் அளந்தார். மாதவிடாய்க் காலத்தில் ஓய்வு இன்றியமையாதது என்பதற்கு மாதவிடாயின் இயல்பில் எவ்வித ஆதாரமுமில்லை என்பது அவர் முடிபு. 1876 இல் ஹார்வாட்டின் பொயில்ஸ்டன் பரிசு அக்கட்டுரைக்கே வழங்கப்பட்டது. பெண்களிடமே கேட்டறிதல் என்னும் எளிய முறை ஓர் அறிவியல் முறையாக இங்கு முன்வைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின் இதே முறை மீண்டும் தேவைப்பட்டதைப் பின்னர் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விற்பனைக்குரிய அணையாடைகள் தோன்றிவிட்டன. இங்கிலாந்திற் சவுதோல் நிறுவனமும், ஜேர்மனியில் ஹார்ட்மன் நிறுவனமும், அமெரிக்காவில் ஜோன்சன் அன்ட் ஜோன்சனும் பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட அணையாடைகளை விற்க முயன்றன. இவை பரவவில்லை. பருத்தி விலையுயர்ந்தது; எறிந்துவிடும் பொருளுக்கு அவ்விலையை உழைக்கும் பெண்கள் கொடுத்திரார். அத்தோடு, பெயர் சொல்லி விளம்பரம் செய்யவும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவும் முடியாத பொருளாக அது இருந்தது. விலை, வெட்கம் ஆகிய இவ்விரு தடைகளுள் முதலாவதைப் போர் நீக்கிற்று. இரண்டாவதை எவரும் நீக்கவில்லை. அதனையே மூலதனமாக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது.

விஸ்கொன்சின் மாநிலத்துக் காகித நிறுவனமான கிம்பேர்லி-கிளார்க்கின் வேதியியலாளர் ஏர்ன்ஸ்ட் மாலர் 1914 இல் ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபோது, மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட ஒருவகைச் செலுலோசுப் பஞ்சைக் கண்டார். அது பருத்தியைவிடப் பன்மடங்கு உறிஞ்சியது, விலையிலும் மலிவானது. 'செலுக்கொட்டன்' என்னும் பெயரில் அமெரிக்காவில் உற்பத்தியான இப்பொருள், முதலாம் உலகப் போரிற் காயமுற்றோரின் கட்டுகளுக்காகப் படைத்துறைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் வழங்கப்பட்டது. பிரான்சிற் பணிபுரிந்த தாதியர் இக்கட்டுகளைத் தம் மாதவிடாய்த் தேவைக்கும் பயன்படுத்தினர் என்று கம்பனியின் வரலாறு கூறுகின்றது. போர்முனைத் தாதியரின் இச்சிறு கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கிடையாது. அவர்கள் பெயர்களும் கிடையா.

1918 நவம்பரிற் போர் ஓய்ந்தது. கட்டளைகள் இரத்தாயின. போருக்காக விரிவாக்கப்பட்ட இயந்திரங்களும், தேங்கிய செலுலோசுப் பஞ்சும் எஞ்சின. போர்க்கால மிகையுற்பத்திக்குச் சமாதானகாலச் சந்தையொன்று தேவைப்பட்டது. 1920 இல் 'கொட்டெக்ஸ்' பிறந்த பின்னணி இதுவே. பன்னிரண்டு அணையாடைகள் கொண்ட பெட்டி 60 சதம். ஒன்று ஐந்து சதம். இதே மூலப்பொருளை மென்மையாக்கி, 1924 இற் 'கிளீனெக்ஸ்' என்னும் முகத்தாளும் விற்பனைக்கு வந்தது. நிறுவனம் முன்னதற்குத் தன் பெயரை இட விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. செலுக்கொட்டன் உற்பத்திக் கம்பனி என வேறொரு பெயரில் ஒரு கிளை அமைக்கப்பட்டு அதன்வழியே கொட்டெக்ஸ் விற்கப்பட்டது. இலாபம் தூய்மையானது, பெயர்மட்டும் தீட்டுப்படக்கூடாது!

விற்பனை எளிதாக அமையவில்லை. கடைக்காரர் பெரும்பாலும் ஆண்கள், வாங்குவோர் பெண்கள். ஆரம்ப விளம்பரங்கள் 1921 இற் பெண்கள் சஞ்சிகைகளில் வெளிவந்தபோது, அவற்றிலே தாதியரும் காயமுற்ற போர்வீரனும் வரையப்பட்டிருந்தனர். பொருளின் பயன் இன்னதென்று நேரே கூறாது, போர், தாதிமை, சுகாதாரம் ஆகிய மதிப்புக்குரிய சொற்களின் நிழலில் அது நிறுத்தப்பட்டது. கடைகளிற் பெட்டிகள் மேசைமீது அடுக்கப்பட்டு, அருகே காசு இடுவதற்கு ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பெண் ஒருத்தி எவருடனும் பேசாது காசை இட்டுப் பொருளை எடுத்துச் செல்லலாம். 1928 இற் போட்டி நிறுவனமாகிய ஜோன்சன் அன்ட் ஜோன்சன் தன் 'மோடெஸ்' அணையாடைக்கு 'மௌனக் கொள்முதற் சீட்டு' ஒன்றையே விளம்பரத்துடன் அச்சிட்டது. அதனைக் கத்தரித்துக் கடைக்காரரிடம் நீட்டினாற் போதும், வாய்திறக்க வேண்டியதில்லை.

இவ்வுத்திகளைப் பெண்களின் மனவுணர்வுக்கு அளிக்கப்பட்ட மதிப்பு என ஒருசாரார் விளக்குவர். சங்கடத்தைக் குறைத்தமை உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சங்கடம் நீடிக்க வேண்டியதும் வாணிபத்தின் தேவையாயிற்று என்பதை அடுத்த பத்தாண்டுகளின் விளம்பரங்கள் புலப்படுத்துகின்றன. லோர்ட் அன்ட் தோமஸ் விளம்பர நிறுவனத்தின் ஆல்பேர்ட் லாஸ்கர் 1920களின் நடுப்பகுதியிற் கொட்டெக்ஸ் விளம்பரங்களைப் பொறுப்பேற்றார். ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பொருள்களை விளம்பரம் செய்வதே தமக்குப் பெருவிருப்பு என்று கூறியவர் அவர். அவ்விளம்பரங்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தவை மணமும் கறையும் ஆடையின் மேற் தெரியும் தடிப்பும் பிறர் அறிந்துவிடுவார்களோ என்னும் பயமுமாகும். ஒருபுறம் 'நவீனப் பெண்' என்னும் சுதந்திரப் படிமம். மறுபுறம் எக்கணமும் அம்பலமாகலாம் என்னும் அச்சம். 1928 இற் புகைப்படக்கலைஞர் ஸ்டைக்கன் எடுத்திருந்த லீ மில்லரின் படம் கொட்டெக்ஸ் விளம்பரத்திற் பயன்படுத்தப்பட்டபோது, இனங்காணத்தக்க உண்மைப் பெண்ணொருத்தி இப்பொருளோடு தோன்றியமையே பெரும் பரபரப்பாயிற்று. மறைத்தலை விற்கும் பண்டத்தின் விளம்பரத்தில் ஒரு முகம் தெரிந்ததே குற்றம்.

இதற்கிடையிற் பெண்களின் கருத்தைக் கேட்கும் முயற்சியொன்றும் நடந்தது. ஜோன்சன் அன்ட் ஜோன்சனுக்காகத் தொழிற்பொறியியலாளர் லில்லியன் கில்பிறெத் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து 1927 இல் ஓர் அறிக்கை தயாரித்தார். சந்தையிலுள்ள அணையாடைகள் மிகப் பெரியன, நீளமானவை, விறைப்பானவை. பெண்கள் அவற்றை வாங்கிச் சென்று வீட்டில் வெட்டித் திருத்தியே பயன்படுத்துகின்றனர் என்பது அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று. பண்டத்தை இறுதியாக வடிவமைத்தவள் கத்தரிக்கோலுடன் இருந்த நுகர்வோளே! ஆனால் அவ்வறிக்கை கம்பனியின் சொத்து. பெண்கள் கூறியது பெண்களிடம் திரும்பிச் செல்லவில்லை.

உள்ளணியாகிய டம்பொனின் கதையை இவ்வளவு விரிவாகக் கூற வேண்டியதில்லை. கொலராடோவைச் சேர்ந்த மருத்துவர் ஏர்ல் ஹாஸ் 1931 இல் விண்ணப்பித்து 1933 இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வுரிமை 32,000 டொலருக்குக் கைமாறியது. ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்த கேர்ட்றூட் டென்டறிக் என்னும் பெண்ணே தொடக்கத்தில் தையல் இயந்திரத்தையும் ஹாஸின் அழுத்துபொறியையும் கொண்டு வீட்டிலிருந்து 'டம்பக்ஸ்' உற்பத்தியை நடத்தினார். கன்னித்தன்மைக்கு ஊறு விளையும் என்னும் எதிர்ப்பு சமயத்தவரிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் எழுந்தது. 1945 இல் றொபேர்ட் டிக்கின்சன் என்னும் மூத்த பெண்நோய் மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் அதற்கு ஆதரவாக எழுதிய பின்னரும் அவ்வெதிர்ப்பு ஓயவில்லை. விவாதம் முழுவதும் ஒழுக்கம் பற்றியதாகவே இருந்தது. அப்பொருள் எவற்றாற் செய்யப்பட்டது, உடலினுள் அது என்ன செய்கின்றது என்பன பற்றி எவரும் கேட்கவில்லை. இதனை நினைவிற் கொள்வோம்.

டம்பொனுக்கு மாற்றாக 1937 இல் லியோனா சால்மர்ஸ் என்னும் நடிகை இறப்பராலான மாதவிடாய்க் கிண்ணத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். கழுவி மீண்டும் பயன்படுத்தத்தக்க அது, மாதந்தோறும் வாங்குவோரைத் தேடும் வாணிபத்துக்கு உவப்பானதன்று. அத்தோடு, 1942 இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் நேசநாடுகளுக்கு இறப்பர்ப் பஞ்சம் ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களின் பால் முழுவதும் போர்த் தேவைக்குச் சென்ற காலம் அது. கிண்ணத்துக்கு இறப்பர் கிடைக்கவில்லை. ஒரு போர் அணையாடையை ஈன்றது. மற்றொரு போர் கிண்ணத்தை அரை நூற்றாண்டு பின்தள்ளியது.

நிறவெறியும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அணையாடையை இடுப்புப் பட்டியிற் கொளுவி அணிந்த காலத்தில், ஈரம் கசியாத பையுடன் கூடிய பட்டியொன்றை மேரி பியாட்றிஸ் டேவிட்சன் கெனர் என்னும் கறுப்பினப் பெண் கண்டுபிடித்து 1956 இல் ஆக்கவுரிமை பெற்றார். அதனைச் சந்தைப்படுத்த முன்வந்த நிறுவனம் ஒன்று, அவர் கறுப்பினத்தவர் என்று நேரிற் கண்டறிந்ததும் பின்வாங்கிற்று. 1970 அளவில் ஒட்டும் பசையுடைய அணையாடை வந்ததும் பட்டியே மறைந்தது.

மௌனத்தைக் கற்பிக்கும் பணியில் பாடசாலையும் பங்குகொண்டது. 1946 இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் கொட்டெக்ஸ் நிறுவனத்துக்காகத் தயாரித்த சித்திரப்படம் பல தசாப்தங்களாக அமெரிக்கப் பாடசாலைகளில் இலட்சோபலட்சம் சிறுமியருக்குக் காட்டப்பட்டது. அப்படத்தில் உதிரம் வெண்ணிறமாகவே காட்டப்பட்டது. தொலைக்காட்சியில் அணையாடை விளம்பரத்துக்கு ஒலிபரப்பாளர் சங்கம் விதித்திருந்த தடை 1972 வரை நீங்கவில்லை. நீங்கிய பின்னரும் 1985 இலேயே மாதவிடாயைக் குறிக்கும் வழக்குச் சொல் ஒரு விளம்பரத்தில் வாய்விட்டுக் கூறப்பட்டது.

இம்மௌனத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை இனி நோக்குவோம். 1970களில் டம்பொன் சந்தையிற் போட்டி முற்றியது. பருத்தியின் இடத்தைச் செயற்கை இழைகள் பிடித்தன; எது மிக அதிகமாக உறிஞ்சும் என்பதே போட்டியின் அளவுகோலாயிற்று. புறொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியிற் சோதனைச் சந்தையிலும், பின்னர் நாடெங்கும் இறக்கிய 'றிலை' என்னும் டம்பொன், பொலியெஸ்ரர் நுரைத் துண்டுகளும் காபொட்சிமெதில் செலுலோசும் கொண்டது. அதன் மாதிரிகள் வீடுவீடாக இலவசமாக அனுப்பப்பட்டன. கவலையையும் உறிஞ்சும் என்பது அதன் விளம்பர வாசகத்தின் சாரம். 1976 ஆம் ஆண்டு மருத்துவச் சாதனத் திருத்தச் சட்டத்தின்கீழ் டம்பொன் மருத்துவச் சாதனமாக வகுக்கப்பட்டது உண்மையே. எனினும் ஏற்கனவே சந்தையில் இருந்த வகைப் பொருளெனக் கருதப்பட்டதால், றிலையின் புதிய சேர்மானங்களுக்கு முன்கூட்டிய பாதுகாப்புச் சோதனை எதுவும் கோரப்படவில்லை.

டென்வரின் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டொட்டும் அவரது சகாக்களும் ஏழு பிள்ளைகளிற் கண்ட கடுங்காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி, தோற்றடிப்பு ஆகியவற்றை 1978 இல் ஆராய்ந்து 'நச்சு அதிர்ச்சி நோய்' எனப் பெயரிட்டனர். ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியாவின் நச்சே அதற்குக் காரணம். 1980 தொடக்கத்தில் விஸ்கொன்சின், மினசோட்டா மாநிலச் சுகாதார அதிகாரிகள், நலமாயிருந்த இளம் பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் இந்நோயினாற் சாய்வதை அவதானித்தனர். செலுலோசுப் பஞ்சு அணையாடையாக மாறிய அதே விஸ்கொன்சின்! அவ்வாண்டு மே மாதம் 55 நோயாளர் பற்றிய அறிக்கை வெளிவந்தது. செப்டெம்பரில் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் றிலைக்கும் நோய்க்கும் உள்ள வலுவான தொடர்பை அறிவித்தது. செப்டெம்பர் 22 ஆம் நாள் நிறுவனம் றிலையைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. 1980 ஆம் ஆண்டில் மட்டும் மாதவிடாயோடு தொடர்புடைய 813 நோயாளர் பதிவாயினர். அவருள் 38 பேர் இறந்தனர்.

இது ஒரு தனிநிறுவனத்தின் தவறெனக் கொண்டு அமைதல் தவறான முடிபாகும். மற்றைய நிறுவனங்களின் அதியுறிஞ்சு டம்பொன்களோடும் நோய் தொடர்புற்றிருந்தது. உறிஞ்சுதிறன் கூடக்கூட ஆபத்தும் கூடிற்று. பெண்கள் தமக்குத் தேவையான அளவுக்கு மேற்படாத டம்பொனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறினர். ஆனால் தெரிந்துகொள்வது எங்ஙனம்? ஒரு கம்பனியின் 'சாதாரண' டம்பொன், மற்றொன்றின் 'அதியுயர்' டம்பொனைவிடக் கூடுதலாக உறிஞ்சியது. பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட சொற்களுக்குப் பொருளே இருக்கவில்லை. விற்பனையாளர் பேசாமைக்குப் பழக்கிய அறுபது ஆண்டுகளில், அளவைக் கூறும் ஒரு பொதுமொழிகூட உருவாகாமற் போயிற்று.

அம்மொழியை உருவாக்கும் போராட்டம் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. எமது கருத்தில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி இதுவே; கண்டுபிடிப்பாளரைப் போற்றும் நூல்கள் இதனை ஒரு வரியிற் கடந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பரிசோதனை, மூலப்பொருட் சங்கத்தின்கீழ் ஒரு குழு அமைக்கப்பட்டது. கம்பனிகளின் பிரதிநிதிகள் நிறைந்த அக்குழுவில் நுகர்வோர் சார்பில் இருந்தோருள் எஸ்தர் றோம் குறிப்பிடத்தக்கவர். பெண்களின் உடல்நலம் பற்றிய அறிவைப் பெண்களே திரட்டி 1970 முதல் நூலாக வெளியிட்டுவந்த பொஸ்ரன் பெண்கள் கூட்டின் உறுப்பினர் அவர். உறிஞ்சுதிறனை எவ்வாறு அளப்பது என்பதில் முதல் மோதல். ஆணுறையொன்றினுள் டம்பொனை வைத்து, நிறமூட்டிய உப்புநீரை அழுத்தத்துடன் செலுத்துவது ஆய்வுகூட முறை. உதிரம் உப்புநீர் அன்று என்று பெண்கள் கூட்டினர் வாதிட்டனர். தாதிமைத் துறை ஆய்வாளர் நான்சி றீம் மனித இரத்தத்தைக் கொண்டே சோதனை செய்துகாட்டினார். அடுத்த மோதல் சொற்கள் பற்றியது. எண்களா, எழுத்துகளா, கம்பனிகள் விரும்பிய விளம்பரச் சொற்களா என்னும் வாதத்திற் குழு முட்டுப்பட்டுக் கலைந்தது. பின்னர் நுகர்வோர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. 1989 ஒக்டோபர் 26 இல் உணவு மருந்து நிர்வாகத் திணைக்களம் விதியை வெளியிட்டது. 1990 மார்ச்சிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 6 கிராம்வரை ஒரு பெயர், 6 முதல் 9 வரை மற்றொரு பெயர், 9 முதல் 12 வரை வேறொன்று, 12 முதல் 15 வரை பிறிதொன்று என எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான அளவுகள் பிறந்தன.

இன்று அமெரிக்கப் பெட்டிகளின் மேல் உள்ள அச்சிறு எண்களைக் காண்போருள் எத்தனைபேர், அவற்றின் பின்னால் 38 மரணங்களும் ஒன்பது ஆண்டுகாலப் பெண்களின் விடாப்பிடியும் உள்ளன என்பதை அறிவர்?

பெண்கள் கூட்டு எழுப்பிய வினா முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. 2023 இல் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் 21 மாதவிடாய்ப் பொருள்களின் கொள்ளளவை உப்புநீரை விடுத்து இரத்தச் செங்கலங்களைக் கொண்டு அளந்து வெளியிட்டனர். அச்சிட்ட அளவுக்கும் உண்மைக் கொள்ளளவுக்கும் இடையே பல பொருள்களில் வேறுபாடு காணப்பட்டது. 2024 இற் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 30 டம்பொன்களைச் சோதித்து, ஈயம் உட்பட 16 உலோகங்களைத் தேடி அளந்தனர். அவை உடலினுட் செல்கின்றனவா என்பதை அவ்வாய்வு அளவிடவில்லை. உள்ளீட்டுப் பொருள்களின் பாதுகாப்பை ஆராயக் கோரும் சட்டமூலம் 1997 இல் அமெரிக்கக் காங்கிரசில் முதன்முறை சமர்ப்பிக்கப்பட்டுப் பின்னும் பலமுறை கொண்டுவரப்பட்டது, ஒருமுறையேனும் நிறைவேறவில்லை.

பண்டத்துக்கு விலையுண்டு எனிற் வரியுமுண்டு. கென்யா 2004 இல் அணையாடைமீதான பெறுமதிசேர் வரியை நீக்கியது. இந்தியா 2017 இல் 12 வீத வரியை விதித்து, எதிர்ப்பினால் 2018 இல் விலக்கிக்கொண்டது. பிரித்தானியாவில் 2021 சனவரி முதல் நாள் வரி ஒழிந்தது. ஸ்கொட்லாந்து 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பொருள்களை வேண்டுவோர்க்கு இலவசமாக வழங்கக் கடமைப்பட்டது. இலங்கையில் இறக்குமதியாகும் அணையாடைமீதான மொத்த வரிகள் 2018 வரை நூறு வீதத்தைத் தாண்டியிருந்தன. அவ்வாண்டு செஸ் வரி நீக்கப்பட்ட பின்னரும், விலையிற் பாதிக்கு மேற்பட்ட வரி தொடர்ந்தது. மௌனக் கொள்முதல் அரசிறைக்கும் வசதியானதே.

ஈற்றில், கோயம்புத்தூரை அடுத்த கிராமத்துப் பட்டறைத் தொழிலாளியாகிய அருணாசலம் முருகானந்தம் பற்றிக் குறிப்பிடல் வேண்டும். 2018 இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் அவரையும் தனிமனித வீரராக்கிவிட்டது. எமக்கு முக்கியமானது வேறொன்று. 1998 இல் மனைவியின் பழந்துணியைக் கண்டு பருத்தியால் அணையாடை செய்யத் தொடங்கிய அவர், தாம் செய்தது ஏன் ஒழுகுகின்றது, கம்பனி அணையாடை ஏன் ஒழுகுவதில்லை என்பதை அறிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். உள்ளே இருப்பது பருத்தி என்றே அவரும் எண்ணியிருந்தார். அது ஊசியிலை மரக்கூழின் செலுலோசு என்பதை அமெரிக்க ஆலைகளிலிருந்து மாதிரிகளைத் தருவித்தே அறிந்துகொண்டார். 1914 இல் மாலர் ஐரோப்பாவிற் கண்டதும், 1920 இல் ஐந்து சதத்துக்கு விற்கப்பட்டதுமான அதே பொருள், எண்பது ஆண்டுகளின் பின்னும் அதனை வாங்கியவர்களுக்குத் தெரியாத இரகசியமாகவே இருந்தது. பலகோடி பெறுமதியான இயந்திரங்கள் செய்த வேலையைச் செய்ய அவர் அமைத்த எளிய பொறி ஏறத்தாழ அறுபத்தையாயிரம் ரூபா. அதனைப் பெருநிறுவனங்களுக்கு விற்க மறுத்து, பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே அவர் விற்றார். அக்குழுக்களிற் பல தாம் உற்பத்திசெய்த அணையாடைக்குத் தாமே பெயரிட்டு, தம் ஊர்ப் பெண்களிடம் நேரிற் பேசியே விற்றன.